வெள்ளையடித்த வளையும் கொக்கு ஆய்வாளரும்

ஒரு காட்டில், அதுவும் வரைபடத்தில் மட்டும் மின்கம்பி ஓடிய காட்டில், பூவாயி என்றொரு கீரி தன் மகள் செவந்தியோடு ஒரு வளையில் குடியிருந்தாள். வளைக்கு ஒரே வாசல். அடுப்பும் உள்ளேதான். விறகை மூட்டினால் புகை போக வழி தெரியாமல் செவந்தியின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு அடி ஓடினால் குட்டி எட்டுத் தடவை இருமுவாள். “புகை நின்னாத்தான் புள்ளைக்கு மூச்சு” என்று சொல்லிவிட்டார் வைத்தியர் ஆந்தை. புகையை நிறுத்தும் மருந்து அவரிடம் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் காட்டரசு ஒரு திட்டம் அறிவித்தது. கூரையில் தகடு, கீழே அடுப்பு, வெயிலிலேயே ஓடும், புகை கிடையாது, எல்லாம் இலவசம். பூவாயி மூன்று நாள் வரிசையில் நின்று படிவம் கொடுத்தாள். வியாழக்கிழமை ஆய்வுக்கு ஆள் வரும் என்று பதில் வந்தது.

வீட்டுக்கு அதிகாரி வருகிறார் என்றால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்களோ, அதையே அவளும் செய்தாள். கரியைச் சுரண்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாள். வாசலில் கோலம் போட்டாள். வந்தவருக்குக் கண் எரியக் கூடாதே என்று அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை. “பெரியவங்க முன்னாடி இருமக் கூடாது கண்ணு” என்று செவந்தியின் வாயில் கற்கண்டைத் திணித்தாள்.

கொக்கு ஆய்வாளர் வந்தார். இந்த இடத்தில் நீங்கள் லஞ்சத்தை எதிர்பார்ப்பீர்கள். அதுதான் இல்லை. மனுஷர் படு நேர்மை, பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். விதிப்படி தன் இறகு ஒன்றைப் பிடுங்கிச் சமைக்கும் இடத்துச் சுவரில் தேய்ப்பார். இறகு கறுத்தால் அடுப்பு உண்டு. தேய்த்தார். வெள்ளை இறகு இன்னும் வெள்ளையானது.

“புகையே இல்லியேம்மா?”

“ஐயோ, நீங்க வர்றீங்கன்னுதானே சாமி வெள்ளையடிச்சேன்!”

“அதை எழுத படிவத்துல இடமில்லம்மா.”

பக்கத்து வளையில் முள்ளம்பன்றி மாசிலாமணி. அவருடைய மச்சான் ஏற்கனவே ஒரு சூரிய அடுப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். ஆனாலும் மனுஷர் சோம்பேறி, பழைய கரியை ஒன்பது வருஷமாகத் துடைக்கவில்லை. இறகு மையாகக் கறுத்தது. வந்த புது அடுப்பின்மேல் மாசிலாமணி, கம்பி வரும் நாளுக்காக வாங்கிய டி.வி.யை வைத்தார்.

“ஒரு மாசத்துல மறு ஆய்வுக்கு வருவேன். அதுக்குள்ள சுவர் கறுக்கட்டும்” என்று பூவாயியிடம் சொல்லிவிட்டுப் போனார் கொக்கு.

பூவாயி ஈர விறகாகப் பொறுக்கி வந்து எரித்தாள். சுவர் ஜோராகக் கறுத்தது. இருபத்தேழாம் நாள் காலை செவந்தியின் உதடு நீலமாகி, மூச்சு அடைத்துக்கொண்டது. பெற்றவள் அடுப்பில் தண்ணீரைக் கொட்டி, பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடி, புங்க மரத்தடியில் கிடத்தி நெஞ்சை நீவிவிட்டாள். மூச்சு திரும்பியது. “அடுப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்” என்று அழுதாள். அன்றிலிருந்து மரத்தடியிலேயே மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சினாள்.

நான்காம் நாள் கொக்கு வந்துவிட்டார்.

“சமைக்கிற இடத்துச் சுவர் எங்கம்மா?”

“சுவர் இல்லீங்க. உள்ள வந்து பாருங்க, அட்டக்கரியா கெடக்கு.”

“அது இப்ப படுக்கிற இடமாச்சே!” கொக்கு இறகைக் காற்றில் இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். கறுக்கவில்லை.

“மழை வந்தா உள்ளதானே சாமி போய்ச் சமைக்கணும்?”

“மழை வந்தப்புறம் விண்ணப்பிங்க.”

கொக்குக்கு உண்மையிலேயே சந்தோஷம். நல்ல காற்று, சுத்தமான சமையல், இருமல் இல்லாத குழந்தை! கைபேசியை எடுத்து ஒரு படம் பிடித்தார். “புகையில்லாக் குடும்பம்: திட்டத்தின் வெற்றி” என்ற தலைப்போடு அது காட்டரசின் ஆண்டறிக்கை அட்டையில் வந்தது.

அறிக்கை வெளியான வாரமே மழை பிடித்துக்கொண்டது. பூவாயி செவந்தியை ஒரு கையிலும் சட்டியை மறு கையிலும் தூக்கிக்கொண்டு வளைக்குள் போய், ஈர விறகை ஊத ஆரம்பித்தாள்.

நீதி: புகையில் மூச்சுத் திணறும் குழந்தைகள், ஆய்வாளர் வரும் தேதிவரை பொறுமையாகத் திணற வேண்டும்.