பின்வாசலிலிருந்து முன்வாசலுக்கு

பெட்டி பார்சல் ஆபீஸின் பின்வாசல் நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. சத்தம் போடாதீர்கள் என்றார் குணசேகரன், சத்தமே போடாத இரண்டு சுமைக்காரர்களிடம். அவர்கள் அதைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு மூலையை முதலில் வெளியே அனுப்பி, மிச்சத்தை அதன் பின்னால் தள்ளினார்கள். சந்தில் வெற்றி என்பவனின் மூன்று சக்கர மீன்பாடி வண்டி காத்திருந்தது. பகல் பன்னிரண்டே கால். இதே பெட்டி எப்போது வந்து சேரும் என்று, இதே ஆபீஸின் முன்பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், முத்தம்மா காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் நாற்பது அடி தூரமும் ஒரு பச்சைத் திரையும் இருந்தன.

பெட்டியை எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்கிறீர்களா? முத்தம்மாவிடம்தான்.

பதற வேண்டாம், இது திருட்டு இல்லை. 'வந்துகினே கீது' என்று ஓர் இனம் உண்டு. அந்த இனத்தின் அன்றாடப் பிழைப்பு இது. இவர்களைப் பொய்யர்கள் என்று சொல்வது அநியாயம். பொய்யன் இல்லாததை இருக்கிறது என்பான். இவர்கள் எதையும் இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். இவர்களுடைய உலகத்தில் எல்லாமே வழியில் இருக்கிறது. துணியையே இன்னும் வெட்டாத தையல்காரர் பட்டன்தான் பாக்கி என்பார். கல்யாணத்துக்கு வருகிறேன் என்ற நண்பர் முகூர்த்த நேரத்தில் வீட்டில் லுங்கியோடு பல் துலக்கிக்கொண்டே பாரிமுனை சிக்னலில் நிற்பதாகச் சொல்வார். நம்மிடம் வரவேண்டிய எதுவும் இவர்கள் வாயில் கிளம்பாமல் இருந்ததில்லை, கையில் வந்து சேர்ந்ததும் இல்லை.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இந்த இனம் செழித்து வளர்கிறது. மண் அப்படி. எங்கேயோ போகிற சரக்குக்கு நடுவில்தான் ஊரே குடியிருக்கிறது.

குணசேகரன் இளவயதில் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலையில் மூன்று வருடம் இருந்தார். அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து ஓர் ஆங்கிலச் சொல். டிரான்சிட். அது தனியாக வாழத் தெரியாத சொல். எப்போதும் பக்கத்தில் ஒரு துணை வேண்டும் அதற்கு. குணசேகரன் நாளுக்கு ஒரு துணை தேடிக் கொடுத்தார். பார்சல் ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடத்தில் அதை ஒரு வைத்திய முறையாகவே வளர்த்துவிட்டார். முதல் நாள் கேட்பவருக்கு, 'இன் டிரான்சிட்.' மூன்றாம் நாள் கொஞ்சம் கனத்த குரலில், 'டிரான்சிட் டைம் இன்னும் முடியல.' ஐந்தாம் நாள், நெற்றியைத் தடவிக்கொண்டு, 'டிரான்சிட் டிலே.' ஏழாம் நாள் வந்தவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, ரகசியம் போல, 'டிரான்சிட் பாயிண்ட்ல நிக்குது, நான் பேசிகினு கீறேன்.' அதற்கும் மசியாதவருக்கு 'டிரான்சிட் பாஸ்' ஒன்று மேலதிகாரியின் கையெழுத்துக்குப் போயிருக்கும். 'டிரான்சிட் டேமேஜ்' கடைசி மருந்து. அதைக் கேட்டதும் வாடிக்கையாளர், பெட்டி உடையாமல் வந்தால் போதும், எப்போது வந்தாலும் சரி என்று தானே அடங்கிவிடுவார்.

கேட்பவர்களுக்கு அர்த்தம் புரியாதா? புரிய வேண்டும் என்று யார் அழுதார்கள்? தாமதத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தால், அதை எங்கோ பெரிய இடத்தில் முடிவு செய்திருக்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. மனிதர்கள் வணங்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். வியாசர்பாடி குடியிருப்பில் மூன்றாவது மாடி. மாவு அரைக்கப் போனவர் எங்கே என்று மனைவி ராஜாத்தி போனில் கேட்டால், பேசின் பிரிட்ஜில் இருப்பதாகச் சொல்வார். அவர் எப்போதும் பேசின் பிரிட்ஜில்தான் இருந்தார். கூட வேலை பார்த்த ஒருவர் இறந்தபோதும் பேசின் பிரிட்ஜ்தான். குணசேகரன் மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ராஜாத்தி இப்போதெல்லாம் அவரைக் கேட்பதில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறாள்.

இனி பெட்டிக்கு வருவோம். அதற்குள் படகைத் தள்ளும் புரொப்பல்லர் ஒன்று இருந்தது. முத்தம்மாவின் கணவர் ரகுபதிக்குக் காசிமேட்டில் ஒரு விசைப்படகு. வருடத்தில் இரண்டு மாதம், மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று, விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஜூன் பதினான்கு நள்ளிரவில் தடை முடியும். அந்த முதல் இரவின் மீன்பாடு மற்ற நாளில் கிடைக்காது என்பது குப்பத்தில் குழந்தைக்கும் தெரியும். ரகுபதி தடைக்காலத்தில் புரொப்பல்லரைக் கழற்றி, பழுது பார்க்கக் கோயம்புத்தூர் பட்டறைக்கு அனுப்பியிருந்தார். பட்டறைக்காரர் சொன்ன தேதியில் முடித்து பார்சலில் போட்டுவிட்டார். ஜூன் நான்காம் தேதி மாலை பெட்டி ராயபுரம் வந்து இறங்கிவிட்டது.

ஐந்தாம் தேதி முத்தம்மா வந்து கேட்டாள். குணசேகரன் எழுந்துபோய்க் கிடங்கைப் பார்த்திருக்கலாம். மின்விசிறிக்குக் கீழே இருந்தார். உட்கார்ந்தபடியே இன் டிரான்சிட் என்றார்.

எட்டாம் தேதி வேறொரு பெட்டியைத் தேடும்போது தார்ப்பாய்ச் சுருள்களுக்குப் பின்னால் இது கிடைத்தது. மேலே கொட்டை எழுத்தில் ரகுபதி என்று எழுதியிருந்தது. அன்றைக்கே கொடுத்திருக்கலாமே என்பீர்கள். உங்களுக்கு இந்த இனத்தின் தர்மசங்கடம் புரியவில்லை. அன்று காலைதான் லாரி கிருஷ்ணகிரி தாண்டி அச்சு முறிந்து நிற்கிறது என்று அவர் முத்தம்மாவிடம் சொல்லியிருந்தார். டிரைவருக்கு ஹபீபுல்லா என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. காலையில் கிருஷ்ணகிரியில் அச்சு முறிந்த லாரி மத்தியானம் ராயபுரத்தில் எப்படி இறக்கும்? சொல்லிவிட்ட கதைக்கு ஒரு மரியாதை இல்லையா? பெட்டி முறைப்படி வந்து சேரட்டும் என்று சுருள்களை மறுபடி அதன் முன்னால் நகர்த்தி வைத்தார்.

கதை வளர்ந்தது. ரகுபதி இஞ்சின் தெரிந்தவர். முன் அச்சா, பின் அச்சா என்று போனில் கேட்டார். தன்னுடைய மெக்கானிக்கை அன்று ராத்திரி பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்கு அனுப்புகிறேன் என்றார். குணசேகரன் அரை மணி நேரத்தில் அச்சைச் சரிசெய்து, வேலூரில் டயரைப் பஞ்சராக்கினார். முத்தம்மாவின் கவலையோ டிரைவரைப் பற்றி. "ஹபீபுல்லா இன்னிக்காவது எதுனா துன்னானா சார்? நம்ம பொட்டிக்கோசரம் ரோட்டுல கெடக்கறான், பாவம்," என்றாள். துன்னுட்டான் என்றார் குணசேகரன். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதினான்காம் தேதி மாலை பெட்டியை வரவழைப்பதாகத் திட்டம். நள்ளிரவுக்கு முன்னால் கையில் கொடுத்தால் போதும் என்பது அவர் கணக்கு. அன்று காலை முத்தம்மா வந்து உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னாள். புரொப்பல்லர் பூட்டுவதற்குப் படகைத் தண்ணீரிலிருந்து மேலே இழுக்க வேண்டும். கரையேற்றும் மேடையில் கூட்டம். அவர்களுடைய முறை மத்தியானம் இரண்டு மணிக்கு. தவறினால் அடுத்த முறை பதினேழாம் தேதி. ஐஸ் ஏற்றியாகிவிட்டது. எட்டு ஆட்கள் துணிமணியோடு படகில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

குணசேகரன் வாயைத் திறந்தார். பெட்டி உள்ளேதான் இருக்கிறது. மூன்று சொல். நாக்கு நுனிவரை வந்தன. வெளியே வந்தது, "டிரான்சிட் பாயிண்ட்டை வுட்டுடுச்சிக்கா. பன்னெண்டரைக்கு வாசல்ல நிக்கும்."

வாசலில் நிற்க வேண்டுமென்றால் அது முதலில் வெளியே போக வேண்டுமல்லவா? அதற்குத்தான் பின்வாசல்.

சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை. நேரே போய்க் கடற்கரைச் சாலையில் ஏறி, சுற்றிக்கொண்டு முன்தெருவுக்குள் வர வேண்டும். ஒன்றரை கிலோமீட்டர். பத்து நிமிடம் என்று வெற்றி சொன்னான். குணசேகரன் முகம் கழுவிக்கொண்டு முன்பக்கம் வந்து உட்கார்ந்தார்.

பன்னிரண்டே முக்கால். வண்டி வரவில்லை. குணசேகரன் வெற்றிக்குப் போன் செய்தார்.

"வந்துகினே கீறேன்," என்றான் வெற்றி.

இருபத்திரண்டு வருடத்தில் இந்தப் பதிலை அவர் பெற்றுக்கொள்ளும் பக்கத்திலிருந்து கேட்டதில்லை. அதில் ஒன்றுமே இல்லை என்று கண்டார். எங்கே என்று இல்லை, எப்போது என்று இல்லை, காதில் வைத்து உலுக்கினால் ஓசைகூட வராது. ஒன்றே காலுக்கு மறுபடி அடித்தார். அதே பதில். முத்தம்மா எழுந்து புடவையை இழுத்துச் செருகினாள். பெரிய லாரி தெருவுக்குள் வராது, முனையிலேயே போய்ப் பார்க்கிறேன் என்றாள். உட்காருக்கா, வெயில் என்றார். அவள் பாதித் தெரு போய்விட்டாள். குணசேகரன் பின்னால் ஓடினார்.

கடற்கரைச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றன. டிரைவர்கள் சிலர் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். இரண்டு கண்டெய்னர்களுக்கு நடுவில், முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல், மீன்பாடி வண்டி. அதன் மேல் பெட்டி. பெட்டியின் மேல் வெற்றி.

"அத்தே, நீ எங்க இந்தப் பக்கம்?" என்றான் வெற்றி. காசிமேட்டில் அவனுக்குத் தெரியாத மீன்காரர் இல்லை.

"லாரிய எங்க வுட்ட? ஹபீபுல்லா எங்க?"

"எந்த லாரி? சாரு ஆபீஸு பின்னாடி ஏத்தி, முன்னாடி எறக்கச் சொன்னாரு. ஒரு மணி நேரமா இங்கியே காயறேன்."

முத்தம்மா திரும்பி குணசேகரனைப் பார்த்தாள். டிரான்சிட் என்று தொடங்கும் ஏழெட்டு ஜோடிகள் அவர் தலைக்குள் ஓடின. அவர் ஒன்றைப் பொறுக்கி எடுப்பதற்குள், அவள் படகுக்குப் போன் செய்து நான்கு பேரை வரச் சொன்னாள். ஓடி வந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, லாரிகளுக்கும் நடைபாதைக்கும் இடையில் புகுந்து நடந்தார்கள். நான்காவது மூலையைப் பிடித்தவனுக்கு முழங்காலில் வலி. குணசேகரன் போய் அந்த மூலையை வாங்கிக்கொண்டார். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அவர் மூன்று முறை மூச்சுக்கு நின்றார். மூன்று முறையும் பெட்டி நின்றது.

மீன்பிடித் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது இரண்டு இருபத்தைந்து. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொரு படகை மேடையில் ஏற்றியிருந்தார்கள். ரகுபதி மேடைக்காரரிடம் கத்தினார், கெஞ்சினார், பிறகு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

குணசேகரன் சட்டையைப் பிழிந்துகொண்டு, எட்டாம் தேதி பெட்டி கிடைத்ததிலிருந்து விளக்கத் தொடங்கினார். முத்தம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பத்து நாளு நடந்தேனே, அத்த வுடு. பொட்டி கெடச்ச அன்னிக்கே, பொட்டி உள்ள கீது, நான்தான் எயுந்து பாக்கலன்னு சொல்லிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? ரெண்டு வார்த்த திட்டியிருப்பேன். அதுக்காய்யா பயந்துகின?"

அதற்குத்தான். வேறெதற்கும் இல்லை.

இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்த உங்களிடம் ஒன்று சொல்லலாம். இந்த இனத்தை முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது. கண்ணாடியில் பார்த்தால் மற்றவர்களைப் போலத்தான் இருக்கும். இந்த நேரத்தில் யாராவது எங்காவது ஒரு வாசலில் உங்களுக்காக நின்றுகொண்டிருந்து, நீங்கள் அவரிடம் கடைசியாகச் சொன்னது 'கிளம்பிட்டேன்' என்பதாக இருந்தால், இதை மூடிவைத்துவிட்டுச் செருப்பைத் தேடுங்கள்.

மறுநாள் பதினைந்தாம் தேதி. நள்ளிரவிலேயே படகுகள் போயிருந்தன. ரகுபதியின் ஆட்களில் மூன்று பேர் வேறு படகில் ஏறிப் போனார்கள். மிச்ச ஐஸைப் பக்கத்துப் படகுக்காரர் எடுத்துக்கொண்டார். குணசேகரன் பத்து மணிக்கு ஆபீஸைத் திறந்து, கிடங்கிலிருந்த ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் படித்தார். போய்ச் சேராதவை பதினொன்று இருந்தன. ஒரு தாளில் எண்களை எழுதிக்கொண்டு வரிசையாகப் போன் செய்தார். நான்கு பேர் திட்டினார்கள். ஒருவர் நன்றி சொன்னார். ஆறாவது எண்ணை அடிப்பதற்கு முன் டீ குடிக்கப் போனார். மூன்று மணிவரை திரும்பவில்லை.