கருப்பர் முன்னால் ஒரு பேரம்

"பிராந்தியா, சாராயமா?"

"ரெண்டும் இல்லீங்க பூசாரி. இன்டர்நெட்டு."

காப்புக் கயிற்றுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த பூசாரி காசிநாதனின் கை நின்றது. பெரம்பலூரைச் சுற்றியுள்ள குடிகாரர்களில் பாதிப் பேர் அந்தக் கருப்பர் கோயிலில் காப்புக் கட்டிக் குடியை விட்டவர்கள். இப்படியொரு சரக்கை அவர் கேள்விப்பட்டதில்லை.

"நாத்தம் அடிக்குமா?"

"ஒன்னும் அடிக்காது. ஆளுதான் வூடு வந்து சேர மாட்டாரு," என்றாள் புவனேஸ்வரி. துணி திணித்த பை அவள் காலடியில் இருந்தது. இன்று காப்புக் கட்டாவிட்டால் இப்படியே உடையார்பாளையத்துக்கு, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவாள்.

அவள் கணவன் திருமுருகன், உரக்கடைக் கணக்கன். அவன் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்தியத்தை மீறினால் கருப்பர் சும்மா விடமாட்டார். போன ஆடியில் மீறியவன் இன்னும் நொண்டுகிறான். கட்டாவிட்டால் பெண்டாட்டி இல்லை. இதற்கு நடுவிலும் மனம் பிரவுசிங் சென்டரின் திரைச்சீலைக்குள்தான் கிடந்தது. யாராவது மெயில் அனுப்பியிருப்பார்களோ? நேற்று யாரும் அனுப்பவில்லை. அதனாலேயே இன்று கட்டாயம் வந்திருக்கும்.

ஆனால் கருப்பரிடம் சலுகை கேட்கலாம். கல்யாண வீட்டில் மட்டும் குடிப்பேன் என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு.

"பெரம்பலூர் சென்டர்ல உக்கார மாட்டேன் பூசாரி."

"அரியலூரையும் சேத்துக்குங்க," என்றாள் புவனேஸ்வரி. "அங்கதான் வேகம் ஜாஸ்தி."

"சரி, சாட் பண்ண மாட்டேன். மெயில் மட்டும்..."

"மெயிலுக்குப் பின்னாடியே சாட்டு ஓடும். யாராச்சும் எட்டிப் பாத்தா சுருக்கிக் கீழ வச்சுக்கலாம்."

திருமுருகன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்த வித்தை அவனுக்கே தெரியாது.

"ஞாயித்துக்கிழமையாச்சும்..."

"அன்னிக்குத்தான் கூட்டம். எடமே கெடைக்காது."

"போதும்ப்பா!" பூசாரி பொறுமையிழந்தார். "கைய நீட்டு. எந்த ஊர்லயும், எந்தக் கெழமையும், எந்தப் பொட்டி முன்னாலயும் உக்கார மாட்டேன்னு சொல்லு."

சொன்னான். முடிச்சு இறுகியது. விரல்கள் தாமாகவே இல்லாத மவுஸை அழுத்தின. புவனேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தூக்கினாள், வீட்டுக்குப் போக.

சூடத்தட்டுடன் பின்னால் நின்ற அவன் அம்மா மருதாயி முன்னால் வந்தாள்.

"பூசாரி, கயிறு மிச்சமிருந்தா என் மருமவளுக்கும் ஒன்னு கட்டிவுடுங்களேன். இவனத் தேடிக்கிட்டு சென்டருக்குப் போனவ, இப்ப இவன் கடையில இருக்கற நேரமெல்லாம் அங்கதான் கெடக்கா."