வீரமுத்து சுழற்கோப்பை

"டமார்!"

இடி விழுந்ததும் தர்மராஜ் வானத்தைப் பார்க்கவில்லை. தா.பழூர் அணியின் கேப்டன் ரஞ்சித்குமாரின் முகத்தைத்தான் பார்த்தான்.

"மூணாவது ஞாயித்துக்கிழமையா ரெண்டு பஸ் மாறி வரோம். இன்னைக்கும் ஃபைனல் முடியலன்னா கோப்பைய எங்ககிட்ட கொடுத்துரணும்" என்று அவன் காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தான்.

ஆடாமலே கோப்பை போய்விட்டால், சிறுவாச்சூர் இளைஞர் மன்றச் செயலாளர் தர்மராஜ் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

வாரம் முழுக்க வெயில் மண்டையைப் பிளந்தது. இவன் ஸ்டம்பு நட்டால் மட்டும் மேகம் எங்கிருந்தோ ஓடி வந்தது.

மழை கொட்டி ஓய்ந்தது. சிறுவாச்சூர் இருபது ஓவரில் நூற்றிருபது எடுத்திருந்தது. தா.பழூர் இன்னும் மட்டையைத் தொடவில்லை.

"பத்து ஓவர். அறுபத்தோரு ரன்" என்றான் தர்மராஜ்.

உள்ளூர் பௌலர் பாலாஜி பாய்ந்தான். "பத்து விக்கெட்டும் முழுசா இருக்கும், ரன்னு மட்டும் பாதியா? நீ எந்த ஊருக்காரன்டா?"

"சரி, எண்பது."

"நாங்க வூட்டுக்குப் போறோம்" என்று ரஞ்சித்குமார் மட்டையை உறைக்குள் செருகினான்.

"இருங்க, இருங்க! எழுபது!"

இப்போது இரண்டு அணியும் ஒன்றாகச் சேர்ந்து திட்டின.

அம்பயர் அமிர்தலிங்கம் செருமினார். "டிவியில இதுக்கு டக்வொர்த் லூயிஸ்னு ஒரு கணக்கு சொல்றாங்க."

"எப்படிண்ணே போடறது?"

"அது கம்ப்யூட்டர் போடும்."

"அதைத் தேடி பெரம்பலூர் போயிட்டு வர்றதுக்குள்ள இருட்டிடும்ணே!"

கத்திக் களைத்து, ஐந்து ஓவர், நாற்பது ரன் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். ஈரம் காய மரக்கடைத் தூளைப் பிட்ச்சில் கொட்டினான் தர்மராஜ். அது உப்புமா பதத்துக்கு வந்தது. முதல் பந்துக்கு ஓடிவந்த பாலாஜி வழுக்கி, பந்துக்கு முன்னால் தானே போய் அம்பயர் மேல் விழுந்தான்.

திடலுக்குத் தன் தரிசை விட்டு, கோப்பையும் வாங்கித் தந்த வீரமுத்து மட்டும் பருத்திக்காட்டு ஓரத்தில் நின்று கைதட்டினார்.

மறுபடி மழை.

"டாஸ் போட்டு முடிச்சுருவோம்!" என்று கதறினான் தர்மராஜ்.

சுண்டிய காசு சேற்றில் செங்குத்தாக நின்றது.

ரஞ்சித்குமார் கோப்பையை எடுக்கக் குனிந்தான். அதற்குள் வீரமுத்து நனைந்தபடி ஓடிவந்து அதைக் கட்டிக்கொண்டார்.

"யாரும் தொடக்கூடாது! அடுத்த ஞாயித்துக்கிழமை ஆடுங்க. பஸ் சார்ஜு என்னுது. கறிச்சோறும் என்னுது."

கறிச்சோறு என்றதும் தா.பழூர் தணிந்தது. தர்மராஜ்தான் உடைந்து போனான்.

"வேணாம் சித்தப்பா. என் ராசியே சரியில்ல. இனிமே வேற யாராவது நடத்தட்டும்."

வீரமுத்து பதறி அவன் கையைப் பிடித்தார். "அப்படிச் சொல்லாதப்பா! நீதான் நடத்தணும். வேற யாரு நடத்தினாலும் நான் எடம் தர மாட்டேன்."

தர்மராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. தூக்குவாளியில் டீ கொண்டுவந்த வீரமுத்துவின் மனைவி செங்கமலத்திடம் திரும்பினான்.

"சித்தப்பாவுக்குக் கிரிக்கெட்டுன்னா இவ்வளவு உசுரா, சித்தி?"

"கிரிக்கெட்டா? மட்டைய எந்தப் பக்கம் புடிக்கணும்னே அவருக்குத் தெரியாது. நீ குச்சி நட்ட அன்னிக்கு மட்டுந்தான தம்பி எங்க பருத்தி தண்ணியக் காணுது!"