இன்னும் எட்டு சென்டிமீட்டர்

பெண் கேட்கப் போகிற வீட்டு வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டும். ஜெலிலுக்கு இருந்த ஒரே பிரச்சினை அதுதான்.

ஷூவுக்குள் எட்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ரப்பர் கட்டை இருந்தது. அதன் மேல் நிற்கும்வரை அவன் நூற்று அறுபத்தொன்பது. இறங்கினால் நூற்று அறுபத்தொன்று. நெர்மின் நூற்று அறுபத்தாறு.

எட்டு மாதமாக இருவரும் உஸ்குதார் போகும் பயணிகள் படகில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவள் எப்போதும் தட்டையான செருப்புதான் போடுவாள். அது அவளுடைய எளிமை என்று ஜெலில் நினைத்தான். அதற்காகவும் கொஞ்சம் காதலித்தான்.

அவன் அக்கா ஸுஹால் ஒரு வழி கண்டுபிடித்தாள். கட்டையை அறுத்துக் கம்பளிக் காலுறைக்குள் வைத்துத் தைத்தாள்.

"ஆறுதான் வைக்க முடிஞ்சது. மிச்சம் ரெண்டை நெஞ்சை நிமித்திச் சமாளிச்சுக்க."

வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, ஒரு கையில் பூங்கொத்தும் மறு கையில் சாக்லேட் பெட்டியுமாக உள்ளே நுழைந்தான்.

"ஒட்டகம் மாதிரி நடக்காதடா," என்றாள் அக்கா, உதட்டை அசைக்காமல்.

"இப்படித்தான்க்கா நடக்க வருது."

நெர்மினின் அம்மா வீட்டுச் செருப்பை எடுத்து வைத்தார். பெரியதும் நுழையவில்லை. அதைவிடப் பெரியதும் நுழையவில்லை.

"பரவாயில்லத்தே. இவனுக்குக் கால் சீக்கிரம் சில்லிட்டுடும், நாலு ஜோடி போட்டிருக்கான்," என்றாள் அக்கா. வெளியே ஜூலை மாத வெயில்.

நெர்மினின் அப்பா ஹம்தி கட்டட ஒப்பந்தக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டடமே அவர் கட்டியதுதான். தெருவில் எல்லாரும் நாலு மாடி கட்டியபோது அவர் மட்டும் ஐந்து கட்டினார். தரைத்தளத்தில் அவரும் மனைவியும், நான்காவது மாடியில் மூத்த மகளும் மருமகன் ரிஃப்கியும். ஐந்தாவது மாடி நெர்மினுக்கு. கல்யாணமானாலும் இரண்டு பெண்களும் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. ஜெலிலுக்கு அதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. நெர்மின் இருக்கிற மாடி எந்த மாடியாக இருந்தால் என்ன.

ரிஃப்கி நெடுநெடுவென்று வளர்ந்தவர். ஆனால் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதும் கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, தலையைத் தாழ்த்தியே இருந்தார். நெற்றியில் ஒரு பிளாஸ்திரி. மாமனார் முன்னால் என்ன மரியாதை என்று ஜெலில் வியந்தான்.

நெர்மின் காபி கொண்டு வந்தாள். வழக்கப்படி மாப்பிள்ளை கோப்பையில் உப்பு போட்டிருந்தாள். அவன் முகம் சுளிக்காமல் குடித்தான். உறைக்குள் இடது கட்டை நழுவிக்கொண்டிருந்ததால் உப்பு தெரியவே இல்லை.

ஹம்தி அவனை உச்சந்தலையிலிருந்து பார்த்தார்.

"உயரம் எவ்வளவு தம்பி?"

எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் தயார் செய்து வந்திருந்தான். வேலை, சம்பளம், சிகரெட். இதை முதல் கேள்வியாக அவன் எதிர்பார்க்கவில்லை.

"நூத்தி அறுபத்தொம்பது மாமா."

ஹம்தி பெருமூச்சு விட்டார். அத்தை தட்டிலிருந்த பக்லாவா இனிப்பைப் பார்த்தார். ரிஃப்கி, ஆழ்ந்த அனுதாபத்தோடு ஜெலிலைப் பார்த்தார்.

"காலையில அளந்தா நூத்தி எழுபத்தொண்ணு வரும்," என்று ஜெலில் அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்.

ஹம்தியின் முகம் இன்னும் இருண்டது.

"பையன் நல்ல பையனாத்தான் தெரியுது," என்றார் ஸுஹாலிடம். "ஆனா உயரம்தான்..."

"புரியுது மாமா," என்றான் ஜெலில்.

மறுநாள் காலை அவன் தன் டாக்டர் முன்னால் நின்றான். தன் டாக்டர் என்றால், அவன் வேலை பார்க்கிற இடத்து டாக்டர். கால் எலும்பை அறுத்து, நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக இழுத்து, ஆளை உயரமாக்கி அனுப்புகிற மருத்துவமனை அது. விமான நிலையத்துக்குப் போய் நோயாளிகளைக் கூட்டி வருவதும், கம்பிக் கூண்டு மாட்டிய கால்களோடு அவர்கள் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதும் ஜெலிலின் வேலை.

"டாக்டர், எனக்கு ஒரு எட்டு சென்டிமீட்டர் கூட்டணும்."

"போன வாரம் அந்த ஜெர்மன்காரர்கிட்ட, நல்லா யோசிங்கன்னு மூணு மணி நேரம் பேசி ஊருக்குத் திருப்பி அனுப்பினது நீதானே?"

"நானும் யோசிச்சுட்டேன் டாக்டர்."

"எப்ப?"

"நேத்து. சாக்ஸைக் கழட்டும்போது."

டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார். அந்த அம்மாள் என்ன கேள்வி கேட்பார் என்பது ஜெலிலுக்கு மனப்பாடம். நோயாளிகளுக்கு அந்தப் பதில்களைச் சொல்லிக் கொடுப்பதே அவன்தான்.

எக்ஸ்ரேவைச் சுருட்டிக்கொண்டு நேராக ஹம்தி வீட்டுக்குப் போனான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான்.

"இந்த இடத்துல வெட்டுவாங்க மாமா. அப்புறம் அது பாட்டுக்கு வளர்ந்துக்கிட்டே இருக்கும்."

"வளருமா?" என்றார் ஹம்தி.

"தினமும்."

"நிறுத்த முடியாதா?"

"எட்டு வந்ததும் நிறுத்திடுவாங்க. நூத்தி எழுபத்தேழு. எழுதியே தருவாங்க மாமா."

ஹம்தி மெதுவாகத் தலையைத் தூக்கி மேல் தளத்தைப் பார்த்தார். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை ஓடி வந்து அவர் உள்ளங்கையில் எலுமிச்சை வாசனைக் கொலோன் ஊற்றினார். அவர் அதை முகத்தில் தடவிக்கொண்டு கண்ணை மூடினார். பெண்ணுக்காக ஒருவன் காலையே வெட்டிக்கொள்ளத் துணிந்ததில் மனிதர் நெகிழ்ந்துவிட்டார் என்று ஜெலில் எடுத்துக்கொண்டான்.

"வேணாம் தம்பி," என்றார் ரிஃப்கி. பிளாஸ்திரி இப்போது வலப்பக்கம் மாறியிருந்தது. "நெட்டையா இருக்கிறதுல ஒரு சுகமும் இல்ல."

நெட்டையாக இருக்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று ஜெலில் நினைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து நெர்மின் ஃபோன் செய்தாள்.

"ஏன் அப்படிப் போய்ச் சொன்ன? அப்பாவை நான் பாதி வழிக்குக் கொண்டு வந்திருந்தேன். இப்ப ரெண்டு நாளா சாப்பிடல."

"எட்டு போதாதாமா?"

"ஜெலில், உயரத்தைப் பத்தி இனிமே எங்க வீட்டுல வாயைத் திறக்காத. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஃபோன்ல சொல்லக் கூடாதுன்னு அப்பா உத்தரவு. சாயங்காலம் படகுத்துறைக்கு வா, நேர்ல சொல்றேன்."

"வேணாம். உன் வாயால அதைக் கேக்க எனக்குத் தெம்பில்ல."

"எதை?"

"நான் குள்ளம்ங்கிறதை."



"உன்கிட்ட எனக்கு ஒரே ஒரு குறைதான்," என்றாள் நெர்மின். "அது உயரம் இல்ல. என்ன சொல்ல வர்றாங்கன்னு நீ முழுசாக் கேக்கிறதே இல்ல."

அவன் அதையும் முழுதாகக் கேட்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டுத் தீவிரமாகக் கணக்குப் போட்டான். கீழ்க்கால் எலும்பில் எட்டு. அடுத்த வருஷம் தொடையெலும்பில் ஆறு. ஆகப் பதினாலு. அதை ஒரு கடிதமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, ஹம்திக்கு அனுப்பினான். "தங்கள் திருப்திக்காக எந்த உயரத்துக்கும் போகத் தயார்" என்று முடித்திருந்தான்.

பதில் அக்கா வழியாக வந்தது.

"பொண்ணு கிடையாதாம். அவங்கம்மா அழுதுக்கிட்டே சொல்றாங்க. பையன் தங்கம், ஆனா கட்டுப்படியாகாதுன்னு."

"அவ்வளவு குள்ளமாவாக்கா இருக்கேன்?"

அக்கா அவனைப் பார்த்தாள். அவளும் நூற்று ஐம்பத்து மூன்றுதான். "நம்ம வீட்டுல நீதாண்டா நெட்டை," என்றாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானது. பதினாலு வளர்ந்து போய் வாசலில் நின்றால் எந்த மாமனாருக்கும் மனம் இளகும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆறு மணிக்கு முதுகுப்பக்கம் நாடா கட்டிய பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு படுக்கை ஓரத்தில் நின்றான். கட்டை இல்லை, காலுறை இல்லை. தரை சில்லென்றிருந்தது. முந்நூறு பேருக்குச் சொன்ன ஆறுதலில் ஒன்றைத் தனக்கும் சொல்லிக்கொள்ளப் பார்த்தான். எதுவும் நினைவுக்கு வரவில்லை. நர்ஸ் வந்து இரண்டு முழங்கால்களுக்கும் கீழே நீல மையால் கோடு போட்டுவிட்டுப் போனாள். அவன் குனிந்து பார்த்ததில் இடது கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது.

கதவு திறந்தது. ரிஃப்கி வந்தார். அந்தக் கதவு இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். இருந்தாலும் அவர் குனிந்துதான் நுழைந்தார்.

"ஆரம்பிக்கலயே?"

"இல்லண்ணே. ஒரு மணி நேரம் இருக்கு."

ரிஃப்கி அருகே வந்தார். ஜெலிலின் உச்சந்தலையைப் பார்த்தார். பாதத்தைப் பார்த்தார். திரும்பவும் உச்சந்தலையைப் பார்த்தார். கண் கலங்கியது.

"நெர்மின் சொன்னப்ப நான் நம்பல," என்றார். "ஷூவுக்குள்ள கட்டை இருக்கிறது எட்டு மாசமாத் தெரியுமாம் அவளுக்கு. அவனாச் சொல்லட்டும்னு காத்திருந்தாளாம். நீ சொல்றவனா இல்லன்னு தெரிஞ்சதும், 'ஆபரேஷனுக்கு முன்னாடி எப்படியும் ஷூவைக் கழட்டித்தான் ஆகணும், அந்த நேரத்துக்குப் போயிடுங்க'ன்னு என்னை அனுப்பினா."

"என்னத்துக்குண்ணே?"

ரிஃப்கி கோட்டுப் பையிலிருந்து மாமனாருடைய இரும்பு டேப்பை எடுத்தார். "சுவரோட சேர்ந்து நில்லு. நெஞ்சை நிமித்தாத."

ஜெலில் நின்றான். டேப் சரசரவென்று இறங்கியது. ரிஃப்கி எண்ணை இருமுறை பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்தார். பேசும்போது, ஜெலில் பார்த்த நாளிலிருந்து முதல் முறையாக, கழுத்து நேராக நிமிர்ந்தது.

"மாமா, வெறுங்கால்ல நூத்தி அறுபத்தொண்ணுதான், நாலு மாடி உயரத்துக்குள்ள நீங்க அடைச்சு வச்ச அஞ்சாவது மாடியில இவன் நிமிர்ந்தே நடப்பான், தலைக்கு மேல விளக்குகூட மாட்டலாம்."