அப்பா சிபாரிசில் விழுந்த கோல்

சாதனை செய்யப் போகிறவர்கள் சொந்தக்காரரை முன்கூட்டியே கூப்பிடக் கூடாது. செய்து முடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. பெண்கள் ஐஸ் ஹொக்கியில் நாட்டு அணிக்கு முதன்முறையாகத் தேர்வானபோது, லண்டனில் குட்மேய்ஸிலிருந்து குரோய்டன் வரை ஒரு வீடு விடாமல் போன் எடுத்தேன். "பெரியம்மா, கட்டாயம் வாங்கோ. பாத்தியள் எண்டா அசந்து போவியள்."

(அசந்துதான் போனார்கள்.)

அப்பாவைத் தனியாக அழைக்கத் தேவையில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து விடியற்காலைப் பயிற்சிக்கு என்னைக் காரில் ஏற்றிப் போனவர் அவர்தான். ஆனால் ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை. உள்ளே குளிர் என்று, காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். கறுப்பு ரப்பர் வட்டை வலைக்குள் அடித்தால் கோல் என்பதற்கு மேல் அந்த விளையாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

அன்றைய ஆட்டத்தைப் பார்த்துத்தான் என்னை உலகப் போட்டிக்குக் கூட்டிப் போவதா என்று முடிவெடுப்பதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். ஒலிபெருக்கியில் என் பெயரைத் துண்டு துண்டாக உடைத்து வாசித்தார்கள். ஸ்கேட் கத்தி மழுங்காமலிருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டிருப்போம்; ஐஸில் இறங்குமுன் அதைக் கழற்ற வேண்டும். பழகவந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. பெரியம்மாவுக்குக் கைகாட்டும் மும்முரத்தில் நான் கழற்றவில்லை.

இரண்டு கால்களும் ஒன்றாக மேலே போயின. மல்லாந்து சறுக்கியபடியே போய், வரிசையில் கம்பீரமாக நின்ற எங்கள் அணித்தலைவியின் காலை வாரினேன். அவர் என்மேல் விழுந்தார். அரங்கமே வாயடைத்துப்போக, "ஐயோ, என்ர பிள்ளை!" என்ற பெரியம்மாவின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

போன மானத்தை உடனே மீட்டுவிட வேண்டுமென்ற வெறி எனக்கு. ஆட்டம் தொடங்கிய கையோடு, எதிரணிப் பெண் ஒருத்தியின் கால்களுக்குள் மட்டையை விட்டு விழுத்தினேன். நடுவர் விசில் ஊதினார். இரண்டு நிமிடம் வெளியே. அதற்கென்று ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தேன்.

பின்னாலிருந்து யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அப்பா.

"ஏன் பிள்ளை தனிய இருக்கிறாய்? விழுந்ததுக்கு வெளியில விட்டிட்டினமோ?"

"அது வேற விஷயம் அப்பா. போங்கோ, எல்லாரும் பாக்கினம்!"

"நீ சும்மா இரு. நான் கதைக்கிறன்."

கூண்டுக் கதவுக்குப் பொறுப்பாக ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருந்தார். அப்பா அவரைக் கும்பிடாத குறையாகக் கேட்டார்: "சேர், ஷி இஸ் குட் கேர்ள். பிளீஸ், வன் சான்ஸ்."

பெரியவர் இரண்டு விரலைக் காட்டினார். "டூ மினிட்ஸ், சேர்."

அப்பா வெற்றிப் புன்னகையோடு என்னைப் பார்த்தார். "ஓமெண்டிட்டார்!"

(அந்த நிமிடம் ஐஸ் உருகி என்னை விழுங்கியிருக்கலாம்.)

தண்டனை முடிந்து கதவு திறந்தது. நான் வெளியே கால் வைக்கவும், யாரோ தட்டிவிட்ட வட்டு வழுக்கிக்கொண்டு நேரே என் மட்டைக்கு வரவும் சரியாக இருந்தது. எனக்கு முன்னால் எதிரணியின் வலைகாப்பாளரைத் தவிர ஒருவருமில்லை. கண்ணை மூடாத குறையாக அடித்தேன். கோல்!

திரும்பிப் பார்த்தால், அப்பா அந்தப் பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். "தாங்க் யூ சேர், தாங்க் யூ!"

பயிற்சியாளர் என்னை உலகப் போட்டிக்குக் கூட்டிப் போனார். அதன்பிறகு நாட்டுக்காக எத்தனையோ ஆட்டங்கள், அணித்தலைவியாகவும் இருந்துவிட்டேன். அந்த இரண்டு நிமிட விதியை அப்பாவுக்கு நான் விளக்காத நாளில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓம் ஓம், ஆனா அந்த மனிசன் என்ர முகத்துக்காகத்தான் விட்டவர்" என்பார். டிரைவிங் டெஸ்டில் தோற்றுப்போன மச்சானிடம்கூட எங்கள் வீட்டில் சொல்வார்கள்: "மாமாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே, கதைச்சிருப்பார்."

போன வருடம் முழங்கால் வலி தாங்காமல் ஓய்வு பெறுவதென்று முடிவெடுத்து, அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன்: "அப்பா, இனி என்னால விளையாட ஏலாது."

எழுந்து போய் ஜாக்கெட்டைப் போட்டார். கார்ச் சாவியை எடுத்தார்.

"ஆரோட கதைக்கவேணும், சொல்லு."