கோட்டை மதிலோரம் பதின்மூன்று ஜோடி ஷூ

என்னை ஒருமுறை ஆற்றில் தேடியிருக்கிறார்கள். படகு வைத்துத் தேடினார்கள். அந்த நேரத்தில் நான் ஆற்றுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி, பெருவிரல் வெளியே தெரியும் சாக்ஸோடு, ஒரு நாற்காலியில் உயிரோடு உட்கார்ந்திருந்தேன். என்னைத்தான் தேடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிட மௌனத்துக்கான ஒப்புதல் வாக்குமூலம் இது.

அரியலூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், பன்னிரண்டு மாணவர்களை ஜெர்மனிக்கு அழைத்துப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பதினைந்து நாள். ஆற்றோரக் கோட்டைகள், அவற்றின் காலடியில் சின்னச் சின்ன ஊர்கள். (அதுவரை நான் தாண்டியிருந்த பெரிய எல்லை கொள்ளிடம்.) நாலாவது கோட்டையிலேயே எறையூர் கார்த்திக்கு அலுத்துவிட்டது.

"ஒரு கோட்டையப் பாத்தா எல்லாக் கோட்டையும் பாத்த மாதிரிதான் சார். சன்னல் சின்னது, படிக்கட்டு நீளம்."

வரதராசன்பேட்டை ஸ்டெல்லா மட்டும் ஒவ்வொரு சுவரையும் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு அந்தப் பயணத்தில் தனியாக ஒரு வேலை இருந்தது. ஒன்பதாம் நாள் நாங்கள் தங்கும் சிற்றூரில், பழைய கல் கட்டடங்களைச் சீர்செய்யக் கற்றுத்தரும் பட்டறை ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒரே ஒருவரை எடுத்து, இரண்டு வருஷம் உதவித்தொகையோடு பயிற்சி கொடுப்பார்கள். அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முந்திரி விவசாயம் பார்க்கும் அவள் அப்பா, நாங்கள் கிளம்பிய அன்று பஸ் சன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ படிப்பெல்லாம் எனக்கு வெளங்காதுங்க சார். நேரத்துக்குக் கொண்டுபோயி உக்கார வச்சிருங்க, அது போதும்."

"உசுரக் குடுத்தாவது உக்கார வச்சிடுறேங்க" என்றேன்.

நேர்முகம் மூன்றரைக்கு. அன்று இரண்டு மணிக்கு, ஊருக்கு மேலே குன்றில் நின்ற கோட்டையை ஒரு நடை பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

"நான் கீழயே இருக்கேன் சார்" என்றாள் ஸ்டெல்லா.

"ஒரு மணி நேரம்மா. நான் இருக்கேன்ல?" (இந்த வாக்கியத்தை நான் சொன்ன இடத்திலெல்லாம் ஏதாவது ஒன்று கெட்டிருக்கிறது.)

உச்சியில், ஆற்றுக்கு நேர் மேலே நின்ற மதிலை ஒட்டி, ஒரு சின்னத் தேவாலயம். உள்ளே விளக்கு எரிந்தது. என் கால் தானாக நின்றுவிட்டது.

"எல்லாரும் ஷூவக் கழட்டுங்க."

"சார், அவங்கல்லாம் போட்டுக்கிட்டேதான் போறாங்க" என்றான் கார்த்தி.

"போனாப் போறாங்க. நம்ம மரியாத நம்மளோட. ஏம்மா ஸ்டெல்லா, உங்க கோயில்ல எப்புடி?"

"ஏலாக்குறிச்சி மாதா கோயில்ல கழட்டிட்டுத்தான் சார் உள்ள போவோம்."

தீர்ப்பு ஆகிவிட்டது. பதின்மூன்று ஜோடியும் மதிலோரம் போய்ச் சேர்ந்தன. நான் குனிந்து அவற்றை நேர்வரிசையாக, மூக்கெல்லாம் ஆற்றைப் பார்க்கும்படி அடுக்கினேன். (எனக்கு ஒழுங்கு முக்கியம்.) தேவாலயத்துக்குள் கும்பிட்டு முடித்ததும், எதிர்ப்புறம் இருந்த ஒரு கதவைக் காட்டியது அம்புக்குறி. கார்த்தி தயங்கினான்.

"சார், ஷூ?"

"கங்கைகொண்ட சோழபுரத்துல பிரகாரம் சுத்துனா எங்க வந்து நிப்ப?"

"கெளம்புன எடத்துல."

"அப்பப் பேசாம நட."

அந்தக் கோட்டையைக் கட்டியவனுக்குப் பிரகாரம் தெரியாது. படிக்கட்டு கீழே போனது, ஆயுதக் கூடம் வந்தது, பீரங்கி அறை வந்தது, மறுபடி படிக்கட்டு, கடைசியில் ஒரு சுழலும் இரும்புக் கதவு. அது ஒரு பக்கம்தான் சுழலும். கடைசி ஆளாக நான் வெளியே வந்தபோது குன்றின் அடிவாரத்தில், தார்ச்சாலையில், சாக்ஸோடு நின்றோம். மணி மூன்று பத்து. முன்வாசலுக்கு மறுபடி ஏற அரைமணி நேரமாகும்.

விவேகமுள்ளவன் கோட்டை அலுவலகத்துக்குப் போன் செய்திருப்பான். நான் பெரம்பலூருக்கு, என் மனைவிக்குச் செய்தேன்.

"வசந்தா, ஷூ போச்சு."

"எங்க? கோயில்லயா?"

"கோயிலு மாதிரிதான்."

"அப்பப் பீடை தொலஞ்சுதுன்னு விட்டுட்டு வாங்க. இதுக்கா ஐஎஸ்டி?"

அதை நான் வல்லுநர் ஆலோசனையாக எடுத்துக்கொண்டேன். "நடங்க. யாரும் குனிஞ்சு பாக்காதீங்க. நாம பாக்காத காலை ஊரும் பாக்காது."

பாதி வழியில் தீயணைப்பு வண்டி ஒன்று அலறிக்கொண்டு குன்றை நோக்கிப் போனது. பின்னாலேயே, படகைக் கட்டி இழுத்துக்கொண்டு இன்னொன்று. நான் கூட்டத்தை நிறுத்தினேன். "பாவம், யார் பெத்த புள்ளைங்களோ. ஒரு நிமிஷம் எல்லாரும் வேண்டிக்குங்க." பதின்மூன்று பேரும் கண்ணை மூடி, எங்களுக்காகவே மனமுருகி வேண்டிக்கொண்டோம்.

நேரத்துக்குப் போய்விட்டோம். மற்றவர்கள் வராந்தாவில் இருக்க, நான் அறையின் கடைசி நாற்காலியில் உட்கார அனுமதித்தார்கள். எதிரே மூன்று பேர்: ஊர் சபையிலும் உறுப்பினரான ஒரு நரைத்த அம்மாள், விரல் தடித்த ஒரு கல் ஆசாரி, குறிப்பெடுக்கும் ஓர் இளைஞர். ஸ்டெல்லா பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தெளிவான ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். இருபது நிமிடம் போனது. அந்த அம்மாளின் போன் அடித்தது. கேட்கக் கேட்க முகம் இருண்டது.

"மன்னிக்க வேண்டும். கோட்டை மதிலோரம் பதின்மூன்று ஜோடி ஷூ கிடக்கிறதாம். ஆட்களைக் காணவில்லை. ஆற்றில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் போக வேண்டும்."

இதுதான் அந்த நிமிடம். சொன்னால் அந்தப் பெண்ணின் இடம் போய்விடும் என்று பயந்தேன். இப்படித்தான் பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். உண்மையில் பயந்தது எனக்காகத்தான். வலது பெருவிரலை இடது பாதத்துக்குப் பின்னால் ஒளித்தேன். ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். (அங்கே ஒன்றுமில்லை. வெள்ளையடித்த கூரை.)

அவள் முன்பக்கம் திரும்பி, இரண்டு பாதங்களையும் வெளியே நீட்டினாள். "அவை எங்களுடையவை, மேடம். படகைத் திரும்பிவிடச் சொல்லுங்கள்."

மூன்று பேரும் எழுந்து அவள் காலைப் பார்த்தார்கள். பிறகு என் காலை. அந்த அம்மாள் அவசரமாகப் போனில் பேசி முடித்துவிட்டு, "ஏன் கழற்றினீர்கள்?" என்றார். "நான்தான் சொன்னேன்" என்று எழுந்தேன். வந்தது குரல் அல்ல, காற்று.

ஸ்டெல்லா சொன்னாள்: "எங்கள் ஊரில் கோயிலுக்குள் அப்படித்தான் போவோம். கழற்றியதால் இன்னொன்றும் தெரிந்தது. பலிபீடத்துக்கு இடப்பக்கம், மூன்றாவது வரிசையில், சுவரோரத் தரைக்கல் மட்டும் ஈரமாக இருக்கிறது. என் சாக்ஸ் நனைந்துவிட்டது. அதன் அடியில் தண்ணீர் கசிகிறது என்று நினைக்கிறேன்."

அதுவரை பேசாமலிருந்த ஆசாரி கேட்டார்: "எத்தனையாவது வரிசை?"

"மூன்றாவது."

அவர் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கீழே ஆயுதக் கூடத்தின் கூரையில் ஒரு வருஷமாகக் கறை பரவுகிறதாம். எங்கிருந்து கசிகிறது என்று அவருக்கே பிடிபடவில்லையாம்.

சாயங்காலம் தீயணைப்பு அதிகாரி ஒருவர் எங்கள் ஷூக்களைப் பதின்மூன்று பிளாஸ்டிக் பைகளில், எண் ஒட்டிக் கொண்டுவந்தார். அவர் எண்ணைப் படிக்க, உரியவர் எழுந்து நின்று தாம் உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டும். நான் ஏழு. "நான் காணாமல் போகவில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

வராந்தாவில் ஸ்டெல்லாவிடம், "நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்மா" என்றேன்.

"பரவால்ல சார். நீங்க கூரையப் பாத்தப்பவே புரிஞ்சுபோச்சு, நாந்தான் சொல்லணும்னு." லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு காலம் நினைவில் நின்றிருக்காது.

இடம் அவளுக்கே கிடைத்தது. படித்து முடித்து அங்கேயே கல் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா மட்டும் இன்னும் என்னை எங்கே பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு, "நேரத்துக்கு உக்கார வச்சீங்களே சார்" என்கிறார். அவள் அவரிடம் முழுக்கதையையும் சொல்லவேயில்லை.

வசந்தா அப்படி இல்லை. செட்டிகுளம் மலைக்கோயிலோ, கல்யாண வீடோ, நான் செருப்பைக் கழற்றும் இடத்திலெல்லாம் முதலில் செருப்பை ஒரு படம், அப்புறம் என்னை ஒரு படம் எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பிவிடுகிறாள். அங்கிருந்து உடனே பதில் வரும்:

"ஆள் கிடைத்துவிட்டார். படகைத் திரும்பச் சொல்லவும்."