ஆமிஷ் போர்வையும் மஞ்சள் சோறும்

சோற்றுப் பானையைச் சுற்றியிருந்த துணியைக் கண்டதும் யோசேப்புக்குத் தலை சுற்றியது.

"சுவாம்பிள்ளை அண்ணை, இதை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"உன்ரை சிஞ்ஞோறாவின்ரை விருந்தறைக் கதிரையிலைதான் கிடந்தது. ஏன்?"

"ஐயோ அண்ணை! இது அமெரிக்காப் போர்வை!"

"விசர்க்கதை கதையாதை தம்பி. எத்தினை ஒட்டுப் போட்டிருக்கு பார். நல்ல துணியை ஆராவது வெட்டி வெட்டி ஒட்டுவினமே? பழசெண்டுதான் பானையைச் சுத்தினனான். சோறு இன்னும் ஆவி பறக்குது, பாத்தியே?"

ஆவி பறந்தது உண்மைதான். சோறு சமைத்துத்தர வந்த ஊர்க்காரர் சுவாம்பிள்ளையில் பிழை சொல்லவும் முடியாது. மன்னாரில் ஒட்டுப் போட்ட துணி என்றால் அது பானை இறக்கத்தான். ஆனால் இது பென்சில்வேனியாவில் ஆமிஷ் பெண்கள் தைத்தது. மின்சாரம் வேண்டாம், கார் வேண்டாம், குதிரை வண்டியே போதும் என்று இருக்கிற சனம் அது. பெரிய மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, சுற்றிவர இருந்து, ஊர்க்கதை கதைத்துக் கதைத்தே ஊசியால் தைத்து முடிப்பார்களாம். பூ இல்லை, கோடு இல்லை. கருநீலம், ஊதா, வைன் சிவப்பு என்று வெறும் நிறங்கள்தான். ஆனாலும் பார்த்தால் கண் எடுக்க மனம் வராது.

இவ்வளவும் அவன் வேலை செய்யும் வீட்டுக்காரி சிஞ்ஞோறா மரினெல்லா சொல்லி யோசேப்புக்கு மனப்பாடம். அவளுடைய கலியாணத்துக்கு அமெரிக்காவில் இருக்கும் சின்னம்மா றோசா கொடுத்த பரிசு அது. பலேர்மோவின் கால்சாப் பகுதியில் இருந்த அவளுடைய பழைய மாளிகையின் விருந்தறைச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். இப்போது அந்தச் சின்னம்மாவே வருகிறா. அவவை அழைத்துவர சிஞ்ஞோறா நாப்போலிக்குப் போயிருந்தாள். போகும்போது இரண்டு விசயம் சொன்னாள்.

"போர்வையைக் கழட்டிக் காத்தாட விடு. சின்னம்மா சந்தோசமாத் திரும்பிப் போகட்டும், மேல்வீட்டு அறையை உனக்கு வாடகைக்கு எழுதித் தாறன். குவெஸ்தூறாப் பொலிஸ் கந்தோரிலை வந்து கையெழுத்தும் போடுறன். உன்ரை மனிசி வரலாம்."

மனிசி எமிலியானா மன்னாரில் மூன்று வருசமாகக் காத்திருக்கிறாள். குடியிருக்க இடம் காட்ட வேண்டும்; அந்த அறை இல்லாமல் அவளுக்கு விசா இல்லை. அந்த அறையோ இப்போது ஒரு மஞ்சள் கறையில் தொங்கிக்கொண்டு நின்றது.

போர்வையின் மூலையில் கையகலத்தில் ஒரு வெளிர்நீலச் சதுரம். பானை சரிந்ததில் கறை முழுக்க அதில்தான்.

"சவுக்காரம் போட்டுத் தேய்ச்சா ஓடிப்போகும்" என்றார் சுவாம்பிள்ளை.

தேய்த்தார்கள். மஞ்சள் ஓடவில்லை. இரத்தச் சிவப்பாக மாறியது.

"இன்னும் கொஞ்சம் தேய்."

தேய்க்கத் தேய்க்கச் சிவந்தது. பல்கனியில் பிடித்து உதறியபோது கீழ்வீட்டுக் கிழவி நிமிர்ந்து பார்த்தாள். சிவப்புக் கறையைக் கண்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நான் ஒண்டும் காணேல்லை" என்று சொல்லிவிட்டு யன்னலைப் பூட்டினாள்.

கடைசியில் பிளீச் ஊற்றினார்கள். சிவப்பு போனது. கூடவே நீலமும் போனது.

"இப்ப கறை இல்லைத்தானே?" என்றார் சுவாம்பிள்ளை. யோசேப் பார்த்த பார்வையில் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

யோசேப் போர்வையைத் தூக்கிக்கொண்டு ஒரேத்தோத் தெருவுக்கு ஓடினான். அங்கே ஞானம்பிகை அக்கா வீட்டில் இருந்து சாறிச் சட்டை தைத்துக் கொடுப்பவ.

"மஞ்சள் கறைக்கு ஆரும் சவுக்காரம் போடுவினமே?" அக்கா தலையில் அடித்துக்கொண்டா. "சும்மா வெயிலிலை போட்டிருந்தா தன்பாட்டிலை போயிருக்கும். ஆம்பிளையள் ரெண்டு பேர் சேந்தா இதுதான்!"

"திட்டுங்கோ அக்கா, ஆனா தைச்சுத் தாங்கோ. நாளைக்குக் காலமை கப்பலிலை வருகினம்."

"இந்த நீலத்துக்கு நான் எங்கை போறது?"

யோசேப் போர்வையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இதே நீலத்தில் ஒரு துணி அவனிடம் இருந்தது. எமிலியானா பலேர்மோவில் வந்து இறங்கும் நாளுக்கு என்று ஆசைப்பட்டு வாங்கி வைத்த சாறிச் சட்டைத்துணி. தான் தங்கும் அறைக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தான். கத்தரிக்கோல் அதற்குள் இறங்கியபோது அவனுக்கு அழுகை வந்தது.

வெளுத்த சதுரத்தின் தையலைப் பிரித்த அக்கா நிமிர்ந்தா.

"தம்பி, இஞ்சை பாரும். மற்றத் தையல் எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. இது மட்டும் மாடு நடந்த மாதிரி. இது வேறை ஆரோ மேலாலை வைச்சுத் தைச்ச துண்டு."

துண்டைத் தூக்கினால், அடியில் அங்கங்கே வெளுத்த அதே நீலத்தில் இன்னொரு சதுரம். அதில் ஸ்திரிக்கைப் பெட்டியின் வடிவிலேயே பழுப்பாக ஒரு தழும்பு.

"சத்தியமா நான் சுடேல்லை!" என்று யோசேப் அலறினான்.

"உம்மை ஆர் சொன்னது? உங்கடை சிஞ்ஞோறாதான் சுட்டிட்டு மறைச்சிருக்கிறா."

யோசேப்புக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அக்கா எறும்புத் தையலிலேயே தைத்துக் கொடுத்தா. கண்ணை ஒட்டிப் பார்த்தாலும் தெரியாது.

மறுநாள் மதியம் சின்னம்மா றோசா விருந்தறைக்குள் வந்தா. சிஞ்ஞோறா போர்வையைக் காட்டினாள்.

"நீங்கள் தந்தபடியே இருக்கு சின்னம்மா. மாதா சாட்சி, ஒரு நூல் மாறேல்லை!"

என்ன துணிச்சல், மாதாவையும் சாட்சிக்கு இழுக்கிறாளே என்று யோசேப் வியந்தான்.

ஆனால் சின்னம்மா வேறெதையும் பார்க்கவில்லை. நேரே அந்த மூலைக்குப் போனா. நீலச் சதுரத்தை விரலால் தடவினா. முகம் மாறியது.  எமிலியானாவின் விசா அந்த விரலுக்கடியில் கிடந்தது.

சின்னம்மா திரும்பிச் சாப்பாட்டு மேசைக்குப் போனா. சாப்பாடு முடிந்து சிஞ்ஞோறா கட்டிலில் சாய்ந்த பிறகு குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினா.

"அந்த மூலையை ஆர் தைச்சது?"

இனி மறைத்துப் பிரயோசனம் இல்லை. பானை, சவுக்காரம், பிளீச், அடியில் கண்ட தழும்பு, மனிசியின் சட்டைத்துணி எல்லாம் யோசேப் ஒப்புவித்தான். 

"மனிசியின்ரை துணியையோ வெட்டினாய்?"

"ஓம் சிஞ்ஞோறா."

"அப்ப அவள் கெதியா வரவேணும். இண்டைக்கே மரினெல்லாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போடுவிக்கிறன்."

யோசேப் அவவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்ப இந்தக் கதை மரினெல்லா சிஞ்ஞோறாவுக்கு...?"

சின்னம்மா கதவை ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் காதுக்குள் சொன்னா:

"மூச்சு விட்டிடாதை மகன், கலியாணத்துக்கு முதல்நாள் அதைச் சுட்டதும் ஒட்டுப் போட்டதும் நான்தான்!"